அம்மாவிடம் நீ மாற்றிச் சொன்ன கதை

கேள்வி:
எனக்கு 34 வயது. திருச்சியில் வங்கி வேலை. இரண்டரை வயதில் ஒரு மகள். 63 வயதாகும் என் அம்மா தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துக் காலை ஆறரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். இரவு ஏழரைக்கு நான் திரும்பிய பிறகுதான் கிளம்புவார். அம்மாவுடன் இருக்கும் என் தங்கைக்கு இது பிடிக்கவில்லை. "அம்மாவ சம்பளமில்லாத வேலைக்காரியா வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு, நான்கு மாதமாக என்னோடு பேசுவதில்லை.

'மதர் ஆஃப் மைன்' என்ற கொரியத் தொடரை அம்மாவும் நானும் விடுமுறை நாள் மதியங்களில் பார்த்தோம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டோ, மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டோ பார்ப்பதால் சப்டைட்டில் படிக்க முடியாது. நான்தான் கதை சொல்வேன். அதில் வரும் சொன்-ஜா மாதிரியேதான் எங்கள் அம்மாவும். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. (கடைசி வாரத்தை மட்டும் நான் தனியாகப் பார்த்தேன். அந்த அம்மா இறந்துபோவதைச் சொன்னால் வருத்தப்படுவார் என்று, பிழைத்து மறுபடி கடைக்குச் சமைக்கப் போய்விட்டதாகச் சொல்லிவிட்டேன்.) அதில் அக்கா தங்கைகள் எவ்வளவு சண்டை போட்டாலும் சேர்ந்துவிடுகிறார்கள். என் தங்கையை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்:
அன்புள்ள மகளுக்கு,

தங்கையைப் பற்றி அப்புறம் பேசலாம். அடைப்புக்குறிக்குள் போட்டு நீ எழுதிய அந்த வரிகளிலிருந்து என்னால் நகர முடியவில்லை.

அம்மா வருத்தப்படுவார் என்றுதான் மறைத்தேன் என்கிறாய். பாதி நம்புகிறேன். வருத்தம் வேண்டாம் என்றால், குணமாகி மகள்களோடு ஜேஜு தீவுக்குப் போய்வந்தாள் என்று முடித்திருக்கலாம். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று முடித்திருக்கலாம். கதை உன் கையில் இருந்தது, யாரும் தடுக்கவில்லை. சாவிலிருந்து மீட்ட அந்தப் பெண்ணை நீ எங்கே கொண்டுபோய் நிறுத்தினாய்? அடுப்படியில். உன் கற்பனையில்கூட ஓர் அம்மாவுக்கு நல்ல முடிவு என்பது திரும்பவும் வேலைக்குப் போவதாகத்தான் இருந்திருக்கிறது. நீ யோசித்துச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் வந்தது என்பதுதான் எனக்குக் கவலை.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொரியாவின் கேபிஎஸ் 2 சேனலில் 2019 மார்ச் முதல் செப்டம்பர் வரை சனி, ஞாயிறு இரவுகளில் வந்த குடும்பத் தொடர் அது. கணவனை இழந்த பார்க் சொன்-ஜா, எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து இறக்கும் சொல்லொங்தாங் சூப் கடை நடத்தி மூன்று பெண்களை ஆளாக்குகிறாள். கிம் ஹே-சூக் நடித்திருக்கிறார். நடு மகள் மி-ரி அவள் வயிற்றில் பிறந்தவள் இல்லை, கொழுந்தன் மகள். பெற்ற தாய் இன்-சூக் சிறு பிள்ளையை விட்டுவிட்டுப் பெரிய தொழிலதிபர் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட, சொன்-ஜா தன் பிள்ளையாகவே வளர்க்கிறாள். மூத்தவள் மி-சொன் உன்னைப் போலவே வங்கி ஊழியர். சொன்-ஜா கடையையும் பார்த்துக்கொண்டு, அவள் வீட்டுக்கு ஓடிவந்து பாத்திரம் கழுவிப் பேத்தி தா-பினையும் கவனிக்கிறாள். கடைசியில் அவளுக்கு நுரையீரல் புற்றுநோய். தெரியவரும்போது முற்றிய நிலை.

இதையெல்லாம் நீதான் உன் அம்மாவுக்கு வாரா வாரம் சொல்லியிருக்கிறாய். மி-சொன் வீட்டுக் கதையை எப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அந்த வீட்டின் நிலைமையை உன் வாயால் விவரிக்கும்போது, எதிரே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து உன்னைப் பார்க்கவே இல்லையா? அந்த முறத்தை வாங்கி நீ மடியில் வைத்துக்கொண்டிருந்தால் அவர் திரையை நேராகப் பார்த்திருப்பாரே. அது விடுமுறை நாள் வேறு. வங்கிக்கு லீவு, உன் அம்மாவுக்கு லீவு இல்லை.

அடுத்தது, சொன்-ஜா மாதிரியே என்கிறாய். இல்லை. சொன்-ஜாவுக்கு வாய் உண்டு. கடைக்குட்டி மி-ஹேயோடு ஓயாமல் மல்லுக்கட்டுவாள், மூத்தவளைப் போட்டு வாங்குவாள், பேத்தியை யார் பார்ப்பது என்று சம்பந்தி ஹா மி-ஒக்கோடு நேருக்கு நேர் மோதுவாள். செய்கிற வேலையை வேலை என்று சொல்லிக்காட்டத் தெரிந்தவள். உன் அம்மா முகம் சுளித்ததில்லை என்பதை நீ பெருமையாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. மகள் வீட்டில் முகம் சுளிக்க ஒரு தாய்க்கு உரிமை இருக்கிறது என்று அவருக்கு யாரும் உணர்த்தவில்லை, அவ்வளவுதான்.

பெற்றவள் கேட்காமலே செய்வாள். அதனால் பிள்ளைகள் கேட்காமலே இருந்துவிடலாம் என்று ஆகாது. பேரப்பிள்ளை பாட்டிக்குச் சந்தோஷம், கடமை இல்லை. கடமை உனக்கும் உன் கணவருக்கும்தான். 63 வயதில் உன் அம்மாவுக்கு யாரும் கடன்பட்டிருக்கிறார்கள் என்றால் அது நீங்கள் இரண்டு பெண்களும்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வேலையை விடு என்று நான் சொல்லவே மாட்டேன். உன் சம்பளம் உன் குடும்பத்துக்கு வேண்டும், உனக்கும் வேண்டும். ஆனால் அந்த வேலை ஓடுவது யார் முதுகில் என்று நீ பார்த்தாக வேண்டும்.

அந்தக் கொரியாவிலேயே என்ன நடந்தது பார். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை என்ற அளவுக்கு அங்கே பிறப்பு விகிதம் இறங்கிவிட்டது. குழந்தையை யார் வளர்ப்பது என்ற கேள்விக்கு வீடுகளில் பதில் இல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். அதே 2023 செப்டம்பரில் சோல் நகர நிர்வாகம், குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்ட வீடுகளில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. 2 முதல் 3 வயது வரையான குழந்தை, மாதம் 40 மணி நேரம் பார்த்துக்கொண்டால் 3 லட்சம் வோன். சரியாக உன் மகள் வயது. ஆறரை முதல் ஏழரை வரை நாளுக்கு 13 மணி நேரம் என்றால், உன் அம்மா அந்த மாதக் கணக்கை நாலாம் நாள் காலை காபி போடும்போதே தாண்டிவிடுகிறார். அங்கே ஓர் அரசாங்கம் உட்கார்ந்து மணிக்கணக்குப் போட்டிருக்கிறது. நீ ஒருநாளாவது போட்டாயா? வங்கியில் இருக்கிறாய், கணக்கு தெரியாதவள் இல்லை.

இன்னொன்று. உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன், உன் கணவரைத் தேடி. அம்மா வருகிறார், தங்கை திட்டுகிறாள், மகள் சாப்பிடுகிறாள். அவர் ஒரு வரியில்கூட இல்லை. மி-சொன்னின் கணவன் ஜின்-சூ வீட்டுவேலைக்கு நழுவுகிறவன்தான், ஆனாலும் அவன் கதையில் இருக்கிறான், வாங்கிக் கட்டிக்கொள்கிறான். உன் வீட்டில் அந்த ஆளைக் கேள்வியே கேட்க முடியாத இடத்தில் வைத்துவிட்டு, தங்கையைச் சமாதானப்படுத்த வழி கேட்கிறாய்.

தங்கைக்கு வருகிறேன். அவள் சொன்ன வார்த்தை கடுமை. அதில் பொய் எது? நீ பார்ப்பது காலை ஆறரை மணி அம்மாவை. குளித்து, விபூதி இட்டு, தெம்பாக வாசலில் நிற்பவர். இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, படியேறி, செருப்பைக் கழற்றும் அம்மாவைப் பார்ப்பவள் அவள். ஒரே அம்மாவின் இரண்டு பாதிகளை நீங்கள் இருவரும் பார்க்கிறீர்கள், அவளுக்குக் கிடைத்திருப்பது களைத்த பாதி. அவள் கோபத்துக்குக் காரணம் உன் மேல் உள்ள வெறுப்பு இல்லை. அவளைச் சமாதானப்படுத்த வேண்டாம். அவள் சொன்னது சரி என்று நேரில் போய்ச் சொல். வாட்ஸ்அப்பில் வேண்டாம்.

வருகிற ஞாயிறு நீ ஸ்ரீரங்கம் போ. அம்மா உன் வீட்டுக்கு வரக்கூடாது. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போ, ஒரு நாள் முழுக்க அவர் பார்க்கட்டும். அந்தக் கடைசி வாரத்தை மூன்று பேருமாகப் பாருங்கள். இந்த முறை தங்கை கதை சொல்லட்டும். நீ கதையை மாற்றிச் சொன்னதை அம்மாவிடம் நீயே ஒத்துக்கொள். அவர் அழுதால் அழட்டும். அவர் வயதுக்கு எத்தனையோ சாவைப் பார்த்திருப்பார், ஒரு தொடரின் முடிவைத் தாங்க மாட்டார் என்று முடிவு கட்ட நீ யார்?

பிறகு ஏற்பாடு. காலையில் குழந்தையை எழுப்பி, பல் தேய்த்து, சாப்பாடு கொடுப்பது இனி உன் கணவர் வேலை. அம்மா ஆறரைக்கு வர வேண்டிய அவசியமே அதோடு போய்விடும், ஒன்பது மணிக்கு வந்தால் போதும். வாரத்தில் இரண்டு நாள் வங்கிக்குப் பக்கத்தில் நல்ல காப்பகமாகப் பார்த்துச் சேர். முதல் மாதம் குழந்தை அழும், அப்புறம் பழகிவிடும். மாதாமாதம் அம்மா கணக்கில் ஒரு தொகை போடு. கையில் கொடுத்தால் பேத்திக்கே ஏதாவது வாங்கிவிடுவார். விடுமுறை நாளில் அவர் உன் வீட்டுக்கு வருவதாக இருந்தால் விருந்தாளியாக வரட்டும்.

எந்த இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று அம்மாவையே கேள். "எனக்கென்ன, எல்லா நாளும் ஒண்ணுதான்" என்பார். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேள், அவர் கிழமையைச் சொல்லும்வரை.