பழைய டெஸ்க்டாப்: ரிப்பேரா, அப்கிரேடா, புதுசா? கேள்வி பதில்

பழைய சிஸ்டத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

நான் கணக்குப் போடும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கும் பொருள், நாளைக்கு இந்த போர்டு (எல்லாப் பாகங்களையும் செருகும் மதர்போர்டு) பழுதாகிப் போனாலும் அடுத்த சிஸ்டத்துக்குக் கூட வருமா? ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி வரும். நல்ல எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி), மானிட்டர், யுபிஎஸ் வரும். பழைய சாக்கெட்டுக்கான, அதாவது போர்டில் அது உட்காரும் பழைய இடத்துக்கான, பிராசஸர் வராது, பழைய வகையான டிடிஆர்3 ராம் வராது. வராத பொருளுக்கு ரொம்பக் குறைவாகத்தான் செலவழிக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்தக் கணக்குதான்.

கேள்வி: 2012இல் வாங்கிய சிஸ்டம். ஐ5-3470, ஹெச்61 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். டேலியும் பிரவுசரும் மட்டும்தான். ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடையில் "இதைத் தூக்கிப் போடுங்க" என்கிறார்கள். (மொத்த மளிகை, விருதுநகர்)

அண்ணாச்சி, தூக்கிப் போட வேண்டாம். உங்கள் பிராசஸருக்கு டேலி ஒரு வேலையே இல்லை. சுற்றுவது ஹார்டு டிஸ்க். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களைத் தேடி எடுக்கும். டிஸ்கின் முள் ஒவ்வொன்றுக்கும் இடம் மாறி மாறி நகர வேண்டும், அதில்தான் நேரம் போகிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது.

"ஹெச்61இல் சாட்டா 2 தானே, எஸ்எஸ்டி முழு வேகம் வராதே" என்று யாராவது பயமுறுத்துவார்கள். உண்மைதான், சாட்டா என்பது டிஸ்கை போர்டோடு சேர்க்கும் இணைப்பு, 2 என்பது அதில் பழைய வகை. நொடிக்கு 550 எம்பி போகிற எஸ்எஸ்டி அதில் 280 அளவில் நின்றுவிடும். ஆனால் உங்களுக்கு வேண்டியது குட்டி ஃபைல் தேடும் வேகம், அது அங்கேயும் கிடைக்கும். ஒரு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதும். என்விஎம்இ என்கிற புதிய எஸ்எஸ்டி வகையை வாங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்து போர்டில் அதற்கு ஸ்லாட் கிடையாது, அடாப்டர் போட்டாலும் பெரும்பாலும் அதிலிருந்து பூட் ஆகாது (விண்டோஸ் கிளம்பாது).

ராமையும் 8 ஜிபி ஆக்குங்கள். இது அடுத்த சிஸ்டத்துக்குக் கூட வராத பொருள், அதனால் செகண்ட் ஹேண்ட் போதும். வாங்குவதற்கு முன் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் என்றால் 8 ஜிபி போட்டாலும் மூன்றே சொச்சம் ஜிபியைத்தான் பயன்படுத்தும்.

பழைய டிஸ்கில், அதன் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். மஞ்சளில் "காஷன்" (எச்சரிக்கை) காட்டினால் டேலி டேட்டாவை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அதே போன்ற சிஸ்டம்தான். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. பைபாஸ் செய்து (அந்தத் தடையைத் தாண்டி) போடலாமா? (இ-சேவை மையம், அறந்தாங்கி)

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் எடுத்தால் அதற்குப் பணமும் கட்ட வேண்டியதில்லை.

விண்டோஸ் 11 முக்கியமாகக் கேட்பது மூன்று: டிபிஎம் 2.0 (பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் கிளம்பவிடும் வசதி), மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருக்கும் பிராசஸர். இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்து (ஐ5-8400 போல எண் 8இல் தொடங்குபவை) பட்டியல் தொடங்குகிறது. பைபாஸ் செய்தால் ஏறும், ஓடும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. கோர் 2 டியோ வைத்திருப்பவர்கள் முயற்சியே வேண்டாம். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு கேட்கும் சில கட்டளைகள் அந்த பிராசஸரில் இல்லை, பூட்டே ஆகாது.

வீட்டில் படம் பார்க்கிற சிஸ்டம் என்றால் பைபாஸ் செய்துகொள்ளுங்கள் என்பேன். நீங்கள் ஊர் மக்களின் ஆதார், வங்கி விவரம் எல்லாம் தொடுகிறவர். உங்களுக்கு எட்டாம் தலைமுறைக்கு மேல் ஒரு சிஸ்டம்தான் சரி. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாமே என்று கேட்பீர்கள். பிரவுசர் வேலைக்கு அருமையாக ஓடும். ஆனால் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றின் டிரைவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கவுண்டரில் ஆள் வரிசையில் நிற்கும்போது அது ஆகாது.

இன்னொன்று. எட்டாம் தலைமுறை வைத்திருந்தும் "டிபிஎம் இல்லை" என்று வந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ்) பிடிடி என்பதை ஆன் செய்யுங்கள், ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம். பல போர்டுகளில் அது ஆஃப் நிலையில்தான் வந்திருக்கும். இதற்காகவே புது சிஸ்டம் வாங்கியவர்கள் உண்டு.

கேள்வி: ஐ3-6100 இருக்கிறது. அதே 1151 சாக்கெட்டில் ஐ5-8400 செகண்ட்ஸில் வருகிறது. மாற்றலாமா?

உட்காரும், ஓடாது. சாக்கெட் எண் ஒன்றாக இருந்தாலும் 6, 7ஆம் தலைமுறைக்கு 100, 200 வரிசை போர்டு, 8, 9க்கு 300 வரிசை போர்டு. உங்கள் போர்டில் உச்சம் ஐ7-7700 வகை. அதற்கு இன்னும் பழைய மார்க்கெட்டில் அநியாய விலை கேட்கிறார்கள், அதை வாங்கினாலும் விண்டோஸ் 11 பட்டியலில் வராது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ரைசன் 3 2200ஜி, பி450 போர்டு, 8 ஜிபி ஒரே ஸ்டிக். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு வீடியோ எடிட்டிங் செய்கிறேன், திணறுகிறது. அப்பா புதுசு வாங்க மாட்டேன் என்கிறார். (திருநெல்வேலி)

தம்பி, அப்பா சொல்வதே சரி. இங்கே கேட்டவர்களில் நல்ல போர்டு வைத்திருப்பது நீதான். ஏஎம்4 சாக்கெட்டில் 2017இல் வந்த முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரை உட்காரும். இன்டெல்காரர்கள் பொறாமைப்படுகிற விஷயம் இது.

ஆனால் ஒரு குழி இருக்கிறது. எல்லாரும் "ரைசன் 5 5600 போடு" என்பார்கள். அதில் டிஸ்ப்ளே கிடையாது! உன்னிடம் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, 2200ஜிக்கு உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில்தான் படம் வருகிறது. அதனால் 5600ஜி அல்லது 5600ஜிடி வாங்கு. நான்கு கோர், நான்கு த்ரெட்டிலிருந்து (ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் பகுதிகள்) ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்டுக்குப் போய்விடுவாய். பெயரில் 2000 இருந்தாலும் 2200ஜி விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, அந்தச் சிக்கலும் இதோடு தீரும்.

வரிசை முக்கியம். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய். அப்போது கரண்ட் போனால் போர்டு படுத்துவிடும், யுபிஎஸ் இல்லாமல் தொடாதே. பிறகு சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடான பின் ஆஃப் செய்து, கூலரை மெதுவாக இடவலமாகத் திருகிக் கழற்று. நேராக இழுத்தால், கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். ஏஎம்4இல் பின்கள் பிராசஸரில்தான் இருக்கின்றன, வளைந்தால் அழுகைதான்.

ராம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்குகிறது, ஒற்றை ஸ்டிக்கில் அதற்குப் பாதி அகலம்தான் கிடைக்கும்.

கேள்வி: சிபியு கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. சர்வீஸ் செய்கிற பையன் போர்டு லீக்கேஜ், மாற்ற வேண்டும் என்கிறார். (இல்லத்தரசி, கும்பகோணம்)

அம்மா, போர்டை மாற்றாதீர்கள். உங்கள் வீட்டு எர்த்தைப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் வரும் கரண்டைச் சுத்தப்படுத்த ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் இரண்டு சிறு கெபாசிட்டர்கள், ஒன்று ஃபேஸிலிருந்தும் ஒன்று நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உலோகத்துக்கு வருகின்றன. எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் பாதி வோல்டேஜ், சுமார் 115, நின்றுகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. டெஸ்டர் வைத்தால் எரியும், அதைப் பார்த்துத்தான் லீக்கேஜ் என்றிருப்பார்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் எக்ஸ்டென்ஷன் இருந்தால் தூக்கி எறியுங்கள். சரியாகும் வரை, சிஸ்டம் ஆனில் இருக்கும்போது டிவிக்கோ பிரிண்டருக்கோ கேபிள் செருகாதீர்கள், போர்ட் போய்விடும். சுருக்கென்பதைத் தாண்டிப் பலமாக அடித்தால் அது வேறு கோளாறு. அப்போது பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கேள்வி: இடி இடித்த மறுநாளிலிருந்து ஆன் ஆகவில்லை. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. போர்டு சர்வீஸா, புது போர்டா? (திண்டிவனம்)

முதலில் காசில்லாத வேலைகள். பவர் கேபிளைப் பிடுங்கி, சிஆர்2032 பட்டன் செல்லைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுப் போடுங்கள். ராமைக் கழற்றித் தங்கநிறப் பட்டையை ரப்பரால் லேசாகத் துடைத்து, ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் செருகிப் பாருங்கள். அப்புறம் யாரிடமாவது எஸ்எம்பிஎஸ் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். இடிக்குப் பிறகு எஸ்எம்பிஎஸ் அரைகுறையாக உயிரோடு இருப்பது சகஜம், ஃபேன் சுற்றுவதை வைத்து அது நன்றாக இருக்கிறது என்று நம்ப முடியாது.

இதற்கும் மேல் என்றால் சிப் லெவல் சர்வீஸ் (போர்டில் இருக்கும் சிறு பாகங்களைச் சரிசெய்வது). உப்பிய கெபாசிட்டர், மாஸ்ஃபெட், பயாஸ் சிப்பில் மறுபடி புரோகிராம் ஏற்றுவது: இவை சிறு செலவு, செய்யலாம். "சிப்செட் ரீபால் செய்யணும்" (போர்டின் முக்கியச் சிப்பைக் கழற்றி மறுபடி சால்டர் வைப்பது) என்றால் டெஸ்க்டாப் போர்டுக்கு வேண்டாம், சில மாதத்தில் திரும்ப வரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர்களிலும் ஹெச்61, ஹெச்81 போர்டு இன்றைக்கும் புதுப் பெட்டியில் கிடைக்கிறது. பெரும்பாலும் பழைய போர்டில் கழற்றிய சிப்செட்டைப் புதுப் பலகையில் ஏற்றியது. வாரன்டி தருகிற கடை என்றால், விலை குறைவு என்றால், ஓட்டலாம். ஆயுளை நம்பாதீர்கள்.

போர்டு மாறினால் அதோடு ஒட்டி வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் கூட வராது. புதிய சிஸ்டம்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும் (பூட்டப்பட்டிருக்கும்). போர்டு மாறினால் அதைத் திறக்கக் கேட்கும் பிட்லாக்கர் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று மற்றவர்கள் இப்போதே பார்த்து எழுதி வையுங்கள்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை டிடிபி. பேஜ்மேக்கர், பழைய தமிழ் ஃபான்ட், பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் சாவிக் கருவி). எக்ஸ்பி சிஸ்டம் அடிக்கடி படுக்கிறது. (சிவகாசி)

புதுசு வாங்கவே கூடாத ஆள் நீங்கள்தான். இன்றைய போர்டில் பேரலல் போர்ட் (அந்த பிரிண்டர் போர்ட்) பெரும்பாலும் வராது, கார்டு வாங்கிச் செருகினாலும் பழைய டாங்கிள் அதில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அதே மாதிரி போர்டு இன்னொன்று செகண்ட்ஸில் வாங்கி எடுத்து வையுங்கள். பின்பக்கம் போர்ட் இல்லாவிட்டாலும் சில ஹெச்61 போர்டுகளில் உள்ளே அதே போர்ட்டுக்கான எல்பிடி பின் வரிசை இருக்கும், ஒரு கேபிள் போதும். டிஸ்கை அப்படியே இமேஜ் எடுத்து இரண்டு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவுக்கு வேறு ஒரு சிஸ்டம்.

கேள்வி: ரிஃபர்பிஷ்ட் (பழையதைச் சரிசெய்து விற்கும்) ஆபீஸ் சிஸ்டம் வாங்கலாமா? டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050, 3060 இரண்டும் சொல்கிறார்கள்.

வாங்கலாம், 3060. பத்து எண்தான் வித்தியாசம் போலத் தெரியும். 3050இல் 6, 7ஆம் தலைமுறை, 3060இல் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 கோடு சரியாக நடுவில் விழுகிறது. கேபினெட்டில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை டெல் தளத்தில் போட்டால் எப்போது, எந்த உள்ளமைப்போடு வெளியே வந்தது என்று தெரிந்துவிடும். பயாஸ் பாஸ்வேர்டு இல்லை என்பதைக் கடையிலேயே திறந்து பாருங்கள். குறுகிய மாடல் என்றால் எஸ்எம்பிஎஸ் அதற்கென்றே செய்த அளவு, குள்ளமான கிராஃபிக்ஸ் கார்டுதான் நுழையும். கேமிங் ஆசை இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: ராம் விலை ஏறிக் கிடக்கிறதே, காத்திருக்கலாமா?

2025 கடைசியிலிருந்து ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்று தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டில் சில்லறை விற்பனையையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எப்போது இறங்கும் என்று ஜோசியம் சொல்ல நான் தயாரில்லை.

உங்களிடம் டிடிஆர்4 இருந்தால் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். 1700 சாக்கெட்டில் ஹெச்610, பி760 போர்டுகள் டிடிஆர்4க்கும் தனியாக வருகின்றன. அதில் ஒரு ஐ3-12100 அல்லது ஐ5-12400 போட்டு, பழைய ராம், எஸ்எஸ்டி, கேபினெட் எல்லாவற்றையும் அப்படியே ஏற்றினால் போர்டும் பிராசஸரும் மட்டுமே செலவு. வாங்கும்போது பெட்டியில் டி4 என்று இருக்கிறதா பாருங்கள். டிடிஆர்5 போர்டில் டிடிஆர்4 செருகவே முடியாது, வெட்டு இருக்கும் இடமே வேறு.

கேள்வி: பழைய விஜிஏ மானிட்டர், புது போர்டில் ஹெச்டிஎம்ஐ மட்டும்.

ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர். உள்ளே சிப் இருக்கிற வகை. வெறும் வயர் வகை வேலை செய்யாது.

கேள்வி: பழைய சிஸ்டத்தை எடைக்குப் போடலாமா?

டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போடுங்கள். குவிக் ஃபார்மட் செய்த டிஸ்கிலிருந்து போட்டோவெல்லாம் திரும்ப எடுத்துவிடலாம். விற்பதென்றால் விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் "கிளீன் ஆல்" (முழுவதும் அழிக்கும் கட்டளை) கொடுங்கள், ஆனால் எந்த டிஸ்க் என்று இரண்டு முறை பார்த்துவிட்டு. மிச்சத்தை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதுதான் 2022 மின்கழிவு விதிகளின்படி முறை. காயலான் கடையில் போனால் வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு புளோயர் அடித்துச் சுத்தம் செய்யலாமா?

தாராளமாக. சிஸ்டத்தை வெளியே எடுத்துப்போய், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். புளோயர் காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். சந்தனம், குங்குமம் கேபினெட்டுக்கு வெளியே மட்டும்.