நாகர்கோவில் வீட்டில், 4 அடித் தொட்டியில் பட்டிகோஃபெரி சிக்லிட்டை மற்ற மீன்களோடு வளர்க்கலாமா?

வேண்டாம். குட்டியில் கறுப்பு வெள்ளைப் பட்டையோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் ஓர் அடி வரை வளரும். வளர வளர, கூட இருப்பவற்றைத் துரத்தித் துரத்திக் கடித்துக் குதறிவிடும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், அதாவது ஏறக்குறைய 680 லிட்டர் தொட்டி வேண்டும். அதிலும் தனியாக விடுவதே நல்லது. மணலைத் தோண்டிக்கொண்டே இருக்கும், பாறையை மணல்மேல் வைத்தால் சரிந்துவிடும். நம்ம ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. நிறையத் தின்று நிறையக் கழிக்கும் என்பதால் வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன்: சமாளிக்க முடியவில்லை என்று பழையாற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். மலேசியா, சிங்கப்பூர் நீர்நிலைகளில் இது ஏற்கெனவே குடியேறிவிட்டது.