அப்பாவின் ஆறு இலக்கக் கல்குலேற்றர்: விற்கவும் வேண்டாம், வினாகிரி ஊற்றவும் வேண்டாம்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். கூட்டுறவுக் கடையில் மனேச்சராக இருந்த அப்பாவின் காசியோ கல்குலேற்றர் பழைய றங்குப் பெட்டிக்குள் கிடந்து அகப்பட்டிருக்கிறது. பச்சை வெளிச்சத்தில் ஆறே ஆறு இலக்கம் காட்டிய சாமான். இப்போது அசுமாத்தமே இல்லை. பற்றரி வைக்கும் இடமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருக்கிறது. பழைய சாமான் வாங்க வருகிறவர் "உள்ளுக்குத் தங்கம் இருக்கு" என்று 3000 ரூபாய் தருகிறாராம். வாட்ஸ்அப்பில் இன்னொருவர் இரண்டு இலட்சம் என்கிறாராம். திருத்தலாமா, விற்கலாமா என்பது கேள்வி.

தங்கச்சி, முதலில் அந்த இரண்டு பேரையும் வாசலோடு நிறுத்துங்கள். உள்ளே தங்கம் இருப்பது உண்மைதான். ஆனால் அது தலைமயிரை விட மெல்லிய கம்பியும் மேற்பூச்சும்தான். சுரண்டி எடுத்தால் மூக்குத்திக்கும் காணாது. தங்கம் என்று சொல்லி உடைத்து ஏற்றிப்போகிற கூட்டத்தால் வன்னியில் எத்தனை நல்ல றேடியோக்கள் அழிந்தன என்று எனக்குத் தெரியும். இரண்டு இலட்சக்காரர் இன்னும் மோசம். "பதிவுக் கட்டணம்", "கூரியர் செலவு" என்று உங்களிடம்தான் முதலில் காசு கேட்பார். ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

ஆறு இலக்கம், நான்கு பேனா ரோச் பற்றரி, மிச்ச இலக்கங்களைக் காட்ட ஒரு அம்புக்குறி விசை. இந்த மூன்றும் இருந்தால் அது 1972இல் வந்த காசியோ மினி வகை. ஜப்பானில் 12,800 யென்னுக்கு விற்றார்கள். பத்து மாதத்திலேயே பத்து இலட்சம் போனது. அவ்வளவு விற்ற சாமானுக்கு யார் இரண்டு இலட்சம் கொடுப்பார்? சேகரிப்பவர்கள் ஆசைப்படுவார்கள், ஆனால் உறை, தாள், விசை எல்லாம் முழுசாக இருந்தால்தான். உங்களுக்கு அதன் பெறுமதி அப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்த அந்த விசைகள்தான். அதை யாரும் புதுப் பெயின்ற் அடிக்க விடாதீர்கள்.

இனித் திருத்துகிற கதை. இப்படிச் செத்துக் கிடப்பவற்றில் பெரும்பாலானவை பற்றரி கசிந்து செத்தவை. உயிர் உள்ளேதான் இருக்கும். யூரியூப்பில் வினாகிரி ஊற்றச் சொல்லுவார்கள். அது இப்போதைய அல்கலைன் பற்றரிக்கு. அந்தக் காலப் பற்றரியின் கசிவு புளிப்புத்தன்மை உள்ளது. அதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுக்க வேண்டும்.

ஆனால் நம்முடைய வன்னிக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி தடைப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டோம். செத்த பற்றரியில் ஆணியால் துளை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் வைத்து, இன்னும் இரண்டு நாள் இழுத்தோம். அப்படிப்பட்ட பற்றரி உங்கள் அப்பாவின் கல்குலேற்றருக்குள்ளும் போயிருக்கலாம். பற்றரியின் தலையில் ஆணித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வினாகிரியும் வேலைக்கு ஆகாது, அப்பச்சோடாவும் ஆகாது. புளிப்பைச் சோடா முறிப்பதுபோல் உப்பு எதனாலும் "முறியாது". கரைத்துத்தான் எடுக்க வேண்டும். வாகன பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றுங்கள், புதுப் பஞ்சால் திரும்ப ஒற்றுங்கள், ஐந்தாறு தரம். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நம்முடைய தண்ணீரில் சவர் அதிகம். பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றால் துடைத்து நிழலில் காய விடுங்கள். உப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் கார்த்திகை ஈரத்தை உறிஞ்சி மீண்டும் பச்சை பூக்கும். சிவப்பு, கறுப்பு வயர்களின் உறைக்குள்ளும் பச்சை ஏறியிருந்தால் அந்த இரண்டு வயரையும் மாற்றச் சொல்லுங்கள். மலிவான வேலை.

கடைக்குக் கொண்டுபோனால் பக்கத்தில் நில்லுங்கள். போன் சார்ஜர் வயரையோ சோலர் பற்றரியின் 12 வோல்ற்றையோ "சும்மா பார்ப்பம்" என்று கொடுக்க விடாதீர்கள். அதற்கு வேண்டியது 6 வோல்ற். கொடுக்கமுன் தொடரிலக்கத்தையும் உள்ளே இருக்கும் மின்சுற்றுத் தகட்டையும் படம் எடுத்து வையுங்கள். உள்ளுறுப்பு மாறி வந்த கதைகள் உண்டு. இதைத் தெரிந்து செய்கிற ஆளைத் தேட வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அலைய வேண்டியிருப்பதுதான் எனக்கு எரிச்சல். பிள்ளைகளுக்குத் தகட்டை மாற்றப் படிப்பிக்கிறார்கள், ஒரு வயரை ஒட்டப் படிப்பிப்பதில்லை. ஒரு அலுவலகத்தில் இதே மாதிரி நான்கு கல்குலேற்றர் "பாவனைக்கு உதவாது" என்று எழுதப்பட்டு, கையெழுத்துக்காக வருடக்கணக்கில் பற்றரியோடு உக்கிக் கிடந்ததைக் கண்ணால் கண்டேன். கேட்டும் தரவில்லை.

துப்புரவு முடிந்ததும் புதுப் பற்றரி நான்கு போட்டு, இருட்டறையில் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக்குள் மங்கலாக ஒரு மினுக்கம் தெரிந்தாலே நல்ல செய்தி. 888888 அடியுங்கள், ஒவ்வொரு எட்டிலும் ஏழு கோடும் எரிய வேண்டும். பிறகு 142857ஐ 7ஆல் பெருக்குங்கள். ஆறு ஒன்பதும் வரிசையாக வந்தால் மூளை பழுதில்லை. பார்த்த கையோடு பற்றரிகளைக் கழற்றி வேறாக வையுங்கள்.