பழைய கேம்கள் உண்மையிலேயே நல்லவையா, இல்லை பழைய நினைப்புத்தானா?

பாதிக்குப் பாதி. 1985இல் வந்த சுப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுக் கேமும் ஏறக்குறைய 40 கிலோபைட்தான். பட்டனை அமத்தின உடனே மாரியோ பாய்வார், அந்த விறுவிறுப்பு இன்றைக்கும் குறையவில்லை. ஓடிச் சுடுகிற பழைய கேமான கொன்ட்ராவின் கடினம் வேறு கதை. தெரிந்தவர் அரை மணித்தியாலத்தில் முடிக்கக்கூடிய கேம் அது. தொடக்கத்தில் மூன்று உயிர் தந்து, சேவ் வசதியும் இல்லாமல் நேரத்தை இழுக்கிறார்கள். அதைத் திறமான வடிவமைப்பு என்று நான் சொல்லமாட்டேன். செத்தால் இடையிலிருந்து தொடரவிடும் செக்பொயின்ற் தருகிற புதிய கேம்கள் இதில் எவ்வளவோ மேல். ஆனால் அவற்றில் சில 100 ஜிபிக்கு மேல் டவுன்லோட் பண்ணச் சொல்லுவது டேட்டா பக்கேஜ்காரருக்குக் கொடுமை.

யாழ்ப்பாணத்தில் பழைய கேம் மெஷினை வைத்துச் சோதிக்கிறவர்கள் முதலில் அதில் செருகும் கேம் கசெற்றைப் பாருங்கள். உப்புக்காற்றில் அதன் உலோகப் பற்கள் கறுத்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் இன்னும் அரிக்கும். காதுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபிறகு செருகுங்கள்.

எல்சிடி ரீவியில் மாரியோ பிந்திப் பாய்ந்தால் கேமில் பிழையில்லை. ரீவி படத்தை மெருகூட்டிக் காட்டுவதால் வரும் தாமதம் அது. பிக்சர் செற்றிங்கில் ‘கேம் மோட்’ போட்டால் பெரும்பாலும் குறையும். வாத்துச் சுடுகிற டக் ஹன்ற் கேமின் துப்பாக்கிக்கு அதுவும் உதவாது. அது பழைய குழாய் ரீவியின் ஒளியை நம்பிச் செய்தது. ‘9999 இன் 1’ கசெற் வாங்கினால் அதே சில கேம்கள்தான் பெயர் மாறி வரும்.