பழைய காரின் செயலி யார் கையில்?

கேள்வி: இணைய வசதியும் ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பமும் உள்ள பழைய கார் ஒன்றை இடைத்தரகர் மூலம் வாங்கினேன். 'தி ஃபேட் ஆஃப் தி ஃப்யூரியஸ்' படத்தில் நியூயார்க் நகரத்துக் கார்களைக் கணினியிலிருந்தே ஒருத்தி ஓட்டுவதைப் பார்த்த என் மனைவி, அதில் ஏறவே தயங்குகிறார். இந்த அச்சம் நியாயமானதா?

பதில்: நியாயம் உண்டு, ஆனால் படம் காட்டும் திசையில் இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் கார்கள் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, அடுக்குமாடி வாகன நிறுத்தத்திலிருந்து குதிப்பதெல்லாம் திரைக்கதைக்கு மட்டுமே வசதி. நிறுவனத்துக்கு நிறுவனம் கணினி அமைப்பு மாறுவதால் ஒன்றில் கண்ட ஓட்டை மற்றொன்றில் பெரும்பாலும் உதவாது. உங்களுடையது தானே ஓடும் காரும் அன்று.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், செயின்ட் லூயிஸ் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை, வீட்டில் அமர்ந்தபடி கைப்பேசி வலையமைப்பு வழியாக வேகமிழக்கச் செய்தார்கள். பாட்டுக் கேட்கும் திரைக்கருவி வழியாக நுழைந்து, அங்கிருந்து காரின் உட்கணினிகளுக்குக் கட்டளை அனுப்பினார்கள். அந்தக் காரில் யாரும் எதையும் கூடுதலாகப் பொருத்தியிருக்கவில்லை என்பதால் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்தச் சோதனையில் பிரேக்கை முடக்க முடிந்தது மெதுவாக ஓடும்போதுதான். ஸ்டீயரிங்கைத் திருப்ப முடிந்தது ரிவர்ஸ் கியரில்தான். தயாரிப்பாளர் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஆகவே மென்பொருளைப் புதுப்பிக்க சர்வீஸ் மையம் அழைத்தால், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று தள்ளிப்போடாதீர்கள்.

உங்களுக்கு உள்ள ஆபத்து இடைத்தரகர் வழியாக வந்தது. விற்றவரின் கைப்பேசிச் செயலியில் அந்தக் கார் இன்னும் பதிவாகியிருந்தால், அது நிற்கும் இடத்தை அவரால் பார்க்க முடியும். பல மாடல்களில் கதவைத் திறக்கவும் இன்ஜினை இயக்கவும்கூட முடியும். இதற்கு ஹேக்கிங்கே தேவையில்லை. காரின் உரிமையை மாற்றுவதற்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து ஒரு சுழி மாறினாலும் திருப்பி அனுப்புகிற போக்குவரத்து அலுவலகம், செயலிக் கணக்கை மாற்றினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கமிஷன் கைக்கு வந்தபின் இடைத்தரகருக்கு அந்த எண்ணமே எழாது. ஆர்.சி. நகலுடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை நீங்களே அணுகி, பழைய கணக்கை நீக்கச் சொல்லி, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்த் திரையில் உள்ள பழைய தகவல்களையும் முழுவதுமாக அழித்துவிடுங்கள்.

அடுத்தது, திருட்டுக்குப் பாதுகாப்பு என்று சொல்லி உதிரிக் கடைக்காரர்கள் டாஷ்போர்டுக்கு அடியில் செருகிவிடும் மலிவு ஜி.பி.எஸ். கருவி. மைகோடஸ் எம்வி720 என்னும் கருவியைப் பற்றி 2022-இல் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமை எச்சரித்தது. அதன் தொடக்கக் கடவுச்சொல் 123456. தொலைவிலிருந்தே எரிபொருளைத் துண்டிக்கும் வசதியும் அதில் இருந்தது. படத்தில் அந்தப் பெண் பாடுபட்டுச் செய்ததில் ஒரு பகுதியை, இப்படி நாமே காசு கொடுத்துப் பொருத்திக்கொள்கிறோம்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் வயரிங்கையும், ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, கோளாறு கண்டறியும் கருவியைச் செருகுவதற்கான ஓ.பி.டி. இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கருவி ஏதேனும் அகப்பட்டால், அதில் உள்ள சிம் யார் பெயரில் இருக்கிறது என்று இடைத்தரகரைக் கேளுங்கள்; அவர் மழுப்பினால் அங்கேயே கழற்றச் சொல்லிவிடுங்கள்.