தகரப்பெட்டி

அன்புள்ள ஐயா,
சிட்ரோயன் டி.எஸ். 1955 பாரிஸ் கண்காட்சியில் வானத்திலிருந்து குதித்ததுபோல வந்த வண்டி. அதற்கு முன்னால் அதே கம்பெனியின் பழைய டிராக்‌ஷன் அவாங் வெறும் தகரப்பெட்டிதானே? வேகம், விலை, அழகு மூன்றிலும் எது உசத்தி என்று ஒரு வரியில் சொல்லுங்களேன்.
முரளி

அன்புள்ள முரளி,

ஒரு வரியில் முடிகிற விஷயமென்றால் நான் ஏன் எழுத உட்காரப்போகிறேன்? வேகத்தை விடுங்கள், இருபது வருடம் கழித்து வந்தது வேகமாகத்தான் போகும். விலையை விற்கிறவரிடம் கேளுங்கள்.

ஆனால் தகரப்பெட்டி என்றீர்களே, கோபம் வந்துவிட்டது. நாலைந்து நாளாக எனக்கு அந்த வண்டி நினைப்புதான். 1934-ல் பெரும்பாலான கம்பெனிகள் சேஸி என்கிற அடிச்சட்டத்தின்மேல் பாடியைத் தூக்கிவைத்துப் பின்சக்கரத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இதில் தனி சேஸியே கிடையாது. முன்சக்கரம் இழுத்தது. ஹைட்ராலிக் பிரேக். ஏறுவதற்கு ஃபுட்போர்டு தேவைப்படாத அளவு தாழ்வு. இதற்கும் ஃபாக்டரியை இடித்துக் கட்டியதற்கும் வாங்கிய கடனில் அந்த வருடக் கடைசியிலேயே கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுக்கும்படி ஆயிற்று. டயர் செய்கிற மிஷ்லின் கம்பெனி எடுத்துக்கொண்டது. கம்பெனியைத் தொடங்கிய ஆந்த்ரே சிட்ரோயன் 1935 ஜூலையில் போய்ச்சேர்ந்தார். வண்டி 1957 வரை வந்துகொண்டிருந்தது.

சரி, உங்கள் வானத்து வண்டியின் பானெட்டைத் திறங்கள். உள்ளே 1911 சிசி. டிராக்‌ஷனின் எஞ்சின்தான், சிலிண்டர் ஹெட் மட்டும் புதுசு. ஆறு சிலிண்டரில் ஒன்று செய்ய நினைத்தார்கள், கைகூடவில்லை. எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் டி.எஸ்.ஸின் அந்த சஸ்பென்ஷனா? 1954-லேயே டிராக்‌ஷனின் 15-சிக்ஸ் எச் மாடலில் பின்சக்கரங்களுக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். உருவம் கொடுத்த பெர்தோனி இரண்டுக்கும் ஒருவர்தான். எஞ்சினியர் லெஃபேவ்ரும் அப்படியே. தாத்தா போட்ட திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தாத்தாவையே நக்கலடிக்கிறீர்கள்!

பாரிஸில் ஒரு சந்தில் டி.எஸ். ஒன்று வயிறு தரையில் படுகிறமாதிரி படுத்துக்கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். மாடு எழும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும், கவனித்திருப்பீர்கள். கிழவர் ஒருவர் வந்து எஞ்சினைப் போட்டதும் அப்படித்தான் பின்புறம் மெல்ல எழுந்தது, அப்புறம் முன்புறம். பார்த்த எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. சத்தம்தான் கரகரவென்று, அந்த உடம்புக்குப் பொருந்தாத பழைய எஞ்சினின் சத்தம். நீங்கள் டி.எஸ்.ஸைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்க வேண்டும். ஒருதரம் காதால் கேட்டிருந்தால் பழையதைத் தகரப்பெட்டி என்று எழுதியிருக்கமாட்டீர்கள்.

அழகைக் கேட்டிருந்தீர்கள். டி.எஸ்.தான். அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை.