வாசம் இல்லை என்றால் விஷமும் இல்லையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வாசகர்கள், வீடு பழுதுபார்ப்பதற்கு முன் கேட்ட நான்கு கேள்விகள்.

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு 1960களின் கடைசியில் கட்டியது. ஜன்னல் சட்டத்தில் பெயிண்ட் உரிகிறது. பேரப்பிள்ளைக்கு இரண்டு வயது. ‘லோ விஓசி’ (காற்றில் ஆவியாகும் ரசாயனம் குறைந்தது) பெயிண்ட் வாங்கி அடித்தால் போதுமா?

பதில்: புது டின்னை விடுங்கள், பழைய பெயிண்டைப் பாருங்கள். அந்தக் காலத்து எனாமலில், முக்கியமாக ஜன்னல், கதவு, கேட்டில் அடித்ததில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 600 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 600 பங்கு) மேல் கூடாது என்று இந்நாட்டில் சட்டம் வந்ததே 2009இல்தான். உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயிண்டால் பெரிய தொல்லையில்லை. அது உரிந்து உதிரும்போதும், உப்புத்தாள் போட்டுத் தூசியாக்கும்போதும்தான் ஆபத்து. தவழ்ந்த கையை வாயில் வைக்கும் பிள்ளைக்கு அந்தத் தூசி போதும்.

சோதிக்க வேண்டுமானால், மேல் பூச்சை மட்டும் சுரண்டிக் கொடுக்காதீர்கள். புதுப் பூச்சுக்கு அடியில்தான் ஈயம் ஒளிந்திருக்கும். கூர்மையான கத்தியால் மரம் தெரியும்வரை வெட்டி, எல்லா அடுக்கும் சேர்ந்த துண்டை ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

வேலை நடக்கும் நாட்களில் பிள்ளை வேறு வீட்டில் இருக்கட்டும். ஜன்னலுக்குக் கீழே சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வரும்படி பிளாஸ்டிக் விரியுங்கள். உரிந்து நிற்பதை மட்டும், தண்ணீர் தெளித்துத் தெளித்து, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் எடுங்கள். கிரைண்டர் கூடாது. தீச்சுவாலையும் கூடாது, ஈயப் புகை கிளம்பும். தூசி வடிகட்டும் முகமூடி எஃப்எஃப்பி2 தரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கடைசியில் துடைப்பத்தைத் தொடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் ஒரு துணி, நல்ல தண்ணீரில் இன்னொரு துணி என்று துடையுங்கள். வேலைத் துணியைக் குடும்பத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

இனி டின். ‘லோ விஓசி’ என்ற எழுத்தைவிட எண் முக்கியம். கடையில் தயாரிப்பின் தரவுத்தாளைக் கேட்டு, லிட்டருக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். ஐரோப்பாவில் உள்சுவர் மேட் பெயிண்டுக்கு உச்ச வரம்பு 30 கிராம், அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அடர்ந்த நிறம் கலக்கச் சொன்னால் அந்தச் சாயமே விஓசியைக் கூட்டலாம் என்பதால், கலந்த பிறகு எவ்வளவு என்றும் கேளுங்கள். ‘வாசமற்றது’ என்பது வேறு சங்கதி, அளவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. தோல் அலர்ஜி உள்ளவர்கள், தண்ணீர்ப் பெயிண்ட் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஐசோதையசோலினோன் பெயர் தரவுத்தாளில் இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. ஜனவரிப் புழுக்கத்தைவிட ஜூன், ஜூலையில் அடித்தால் சீக்கிரம் காயும், ஜன்னலைத் திறந்தும் வைக்கலாம்.

கேள்வி: புதுச் சமையலறை அலமாரியைத் திறந்தாலே கண் எரிகிறது. கடைக்காரர் ‘பச்சை போர்டு, நல்லது’ என்றார்.

பதில்: அந்தப் பச்சை, ஈரம் தாங்கும் பலகை என்று காட்டச் சேர்த்த சாயம். சுற்றுச்சூழல் பச்சை அல்ல! எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் சிப்போர்டு, எம்டிஎஃப் போன்ற, மரத்தூளை ஒட்டிச் செய்த பலகைகளின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு. வெப்பமும் ஈரமும் கூடக் கூட அது அதிகமாக வெளியேறும், டர்பன் கோடையில் கேட்கவே வேண்டாம்.

மெலமைன் முகப்பு அதை அடக்கி வைக்கும். வெட்டிய ஓரம், கீல் பொருத்தும் 35 மில்லிமீட்டர் குழி, சுவர்ப் பக்கத்து முதுகு, சிங்க்குக் கீழே குழாய்க்குத் துளைத்த ஓட்டை, இவைதான் வாசல். டார்ச் அடித்துத் தேடுங்கள், மரத்தூள் நிறம் தெரியும் இடமெல்லாம் மூடாத இடம். அங்கே எட்ஜிங் (ஓரப் பட்டை) ஒட்டுங்கள், ஒட்ட முடியாத இடத்தில் தண்ணீர் வார்னிஷ் இரண்டு கோட். கதவுகளைச் சில வாரம் பகலில் திறந்தே வையுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது ‘இ1’ தரம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இ1 என்றால் ஃபார்மால்டிஹைடு பூஜ்யம் அல்ல, குறைவு. எழுதிய தரம் இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவில், வாங்கி ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பலாம். சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்று சொல்லும் உரிமை உங்களுடையது. ஆனால் நீங்களே அறுத்து மாற்றிய பலகைக்கு வாதாடுவது கடினம். அறுப்பதற்கு முன் பாருங்கள்.

கேள்வி: ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாசி. பிரஷர் வாஷ் செய்து பெயிண்ட் அடிக்க ஒருவர் மலிவாகக் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். நீரின் அழுத்தம் சிமென்ட் மேற்பரப்பை அரித்து இழைகளை வெளியே விடும். அவை கால்வாயிலும் பக்கத்து வீட்டு முற்றத்திலும் போய்க் காயும். 2008இல் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது, ஏற்கெனவே போட்ட கூரை இருக்கலாம். பெயிண்டைப் பொறுத்தவரை 2020 விதிமுறையில் சிறுவேலையாக எண்ணப்படுவது, மேற்பரப்பைத் தேய்க்காமல், இழை கிளம்பாமல் அடிப்பது மட்டும்தான். ஓடு உடைந்து நொறுங்கினால் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். துளை போடுவது, அறுப்பது, துண்டுகளைப் பக்கியில் (சிறு சரக்கு வண்டி) ஏற்றி எங்காவது கொட்டுவது, மூன்றும் வேண்டாம்.

கேள்வி: வேலிக்குப் போட்டதில் மிஞ்சிய பச்சைக் கம்பங்கள் கிடக்கின்றன. பொங்கல் அடுப்புக்கு எரிக்கலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. பிரைக்கும் (இறைச்சி சுடும் அடுப்பு) கூடாது, கோயில் தீமிதிக் குழிக்கும் கூடாது. அந்தப் பச்சை நிறம், மரம் கெடாமலிருக்க ஏற்றிய, செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து. எரித்தால் புகையில் ஆர்செனிக் வரும், மிச்சம் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைக் கருவேப்பிலைச் செடிக்குப் போட்டால் கதை இன்னும் மோசம். அறுத்த தூளையும் கூட்டி அள்ளிக் கட்டிப் போடுங்கள், கோழி கிளறும் இடத்தில் விடாதீர்கள். அடுத்த முறை முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்: எச்2 வீட்டுக்குள் கூரைச் சட்டத்துக்கு, எச்3 மண் படாத வெளிவேலைக்கு, எச்4 மண்ணில் ஊன்ற. தேவைக்கு மேல் எண் கூடினால் மருந்தும் காசும்தான் கூடும்.